புட்டு மாவுப் பதம் வந்த பிறகுதான் மண்வெட்டி

ஐயா, வணக்கம். விருகம்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்தின் பின்பக்கக் காலி இடத்தில் 11 குடும்பங்கள் சேர்ந்து நான்கு வருடமாக இயற்கைத் தோட்டம் போட்டு வருகிறோம். நாலடி அகலம், பன்னிரண்டடி நீளத்தில் மொத்தம் 18 பாத்தி. ரசாயன உரமோ பூச்சிமருந்தோ கிடையாது. போன ஐப்பசியில் இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமை, எல்லோருக்கும் லீவு என்பதால், மண்ணைக் கிளறும் இயந்திரமான பவர் வீடரை வாடகைக்கு எடுத்து முழுத் தோட்டத்தையும் ஓட்டினோம். அதற்குப் பிறகு எதுவும் சரியாக வரவில்லை. கத்தரி முழங்கால் உயரம் தாண்டவில்லை. முள்ளங்கி பாதியில் வளைந்துவிட்டது. கோரைக் களை மட்டும் முன்பைவிட மூன்று மடங்கு. இப்போது இரண்டு கட்சி ஆகிவிட்டோம். ‘கோடை உழவு கோடி நன்மை, சித்திரையில் மறுபடி ஓட்டுவோம்’ என்கிறார் ஊரில் நிலம் வைத்திருந்த எங்கள் தலைவர். ‘இனி இந்த மண்ணை யாரும் தொடக்கூடாது, இலைதழையை மேலே பரப்பி மூடாக்கு போட்டால் போதும்’ என்கிறார் இரண்டாம் மாடித் தோழி. திருவான்மியூரில் என் நாத்தனார் வீட்டுத் தோட்டத்தில் மழை விட்ட மறுநாளே கொத்துகிறார்கள், அங்கே நன்றாகத்தான் வருகிறது. எப்போதுதான் கொத்துவது? யார் சொல்வது சரி?
— தோட்டக் கணக்கு எழுதும் வாசகி, விருகம்பாக்கம்

அன்புள்ள சகோதரி,

உங்கள் தோட்டத்துக்கு என்ன ஆனது என்பதற்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: ‘இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமை.’ கத்தரி குட்டையானதும், முள்ளங்கி வளைந்ததும் அந்த ஒரு நாளின் விளைவுதான். கோரை பெருகியதற்கு மட்டும் தனிக் காரணம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உங்கள் நாத்தனார் வீட்டு விஷயத்தை முடித்துவிடுவோம். சென்னையில் ஒரே மண் கிடையாது. கடற்கரையை ஒட்டிய திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் மணல். கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் பகுதிகளில் கொஞ்சம் தோண்டினாலே பாறை. விருகம்பாக்கம், மாம்பலம், அண்ணா நகர், பெரம்பூர் எல்லாம் களிமண். மணலில் தண்ணீர் சல்லடையில் ஊற்றியது மாதிரி இறங்கிவிடும். மறுநாளே கொத்தினாலும் அந்த மண்ணுக்குப் பெரிய சேதம் வராது. களிமண் வேறு. அதன் துகள்கள் மிகச் சின்னவை, தட்டுத்தட்டாக இருப்பவை. ஈரத்தில் அழுத்தினால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நெருக்கமாக ஒட்டிக்கொள்ளும். நடுவில் காற்றுக்கும் தண்ணீருக்கும் இருந்த சந்துகள் மூடிவிடும். செங்கல் அறுப்பவர்கள் களிமண்ணை நனைத்து, மிதித்து, பிசைந்து, வெயிலில் காய வைக்கிறார்கள். போன ஐப்பசியில் உங்கள் பாத்திகளில் நடந்ததும் அதே வேலைதான். பவர் வீடரின் கத்தி பிசைந்தது, பின்னால் நடந்த கால்கள் மிதித்தன, தை மாத வெயில் காய வைத்தது.

இதை நான் படித்து மட்டும் சொல்லவில்லை. பல வருடங்களுக்கு முன்பு, வேளாண்மைப் பணியில் இருந்தபோது, முகப்பேரில் தெரிந்தவர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு காலி மனையில் காய்கறி போட்டார்கள். ஓட்டுவதற்கு நாள் குறித்துக் கொடுத்தது நான். முந்தின வாரம் மழை பெய்திருந்தது. மேல்மண் வெளுத்துக் காய்ந்திருந்ததைப் பார்த்து ‘ஓட்டலாம்’ என்று சொல்லிவிட்டேன். அரை அடிக்குக் கீழே கையை விட்டுப் பார்க்கவில்லை. அந்த வருடம் தக்காளி பூத்தது, காய்க்கவில்லை. செடியைப் பிடுங்கிப் பார்க்கலாம் என்று கடப்பாரையால் மண்ணைப் பெயர்த்தோம். கத்தி போன ஆழத்தில் ஒரு பலகை மாதிரி மண் இறுகிக் கிடந்தது. அதன் மேல்பக்கம் பளபளவென்று, தேய்த்த சாணித் தரை மாதிரி. தக்காளி வேர் அந்தப் பலகை வரை நேராக இறங்கி, அங்கே செங்கோணமாக மடங்கி, படுக்கையாக ஓடியிருந்தது. அந்த வேரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது இன்றும் நினைவில் இருக்கிறது. என் பேச்சை நம்பியவர்களுக்கு ஒரு பயிர்ப் பருவம் வீணாய்ப் போனது. அன்றிலிருந்து யாருக்கும் நான் தேதி சொல்வதில்லை, பதம்தான் சொல்கிறேன்.

அந்தப் பதம் உங்கள் சமையலறையில் இருக்கிறது. புட்டுக்கு மாவு பிசிறுவீர்கள் இல்லையா? கையில் அள்ளிப் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். மண்ணைக் கொத்துவதற்கும் அதே பதம்தான். மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, அரை அடி ஆழத்திலிருந்து ஒரு பிடி எடுங்கள். மேலே இருப்பது எப்போதும் பொய் சொல்லும், அதை நம்ப வேண்டாம். இறுக்கிப் பிடித்துக் கையை விரியுங்கள். உருண்டையாக நின்று, கட்டைவிரலால் அழுத்தியதும் பொலபொலவென்று உடைந்தால் கொத்தலாம். உடையாமல் விரல் பதிந்து, கொழுக்கட்டை மாவு மாதிரி அமுங்கினால் மண்வெட்டியை மறுபடி அறைக்குள் வையுங்கள். உருண்டையே பிடிபடாமல் தூளாகவோ கல்லாகவோ இருந்தால் அது அதிகமாகக் காய்ந்துவிட்டது. அப்போது இயந்திரம் ஓட்டினால் மேலே மாவு, கீழே பாறாங்கல் என்று ஆகும்.

சந்தேகமாக இருந்தால் இன்னொன்று செய்யுங்கள். அதே மண்ணை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டுங்கள். ஊதுபத்தி கனத்துக்கு உடையாமல் நீண்டு வந்தால், வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே ஈரம் அதிகம். அந்தக் கனம் வருவதற்குள் விரிசல் விட்டு உடைந்தால் வேலையை ஆரம்பிக்கலாம். பொறியியல் ஆய்வுக்கூடத்தில் களிமண்ணைச் சோதிப்பதும் ஏறத்தாழ இப்படித்தான், மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு உருட்டிப் பார்ப்பார்கள்.

நல்ல மழைக்குப் பிறகு இந்தப் பதம் வர எத்தனை நாள் ஆகும் என்று கேட்பீர்கள். மணலில் ஒரு நாள். செம்மண் கலந்த இடத்தில் இரண்டு மூன்று நாள். உங்கள் களிமண்ணில், நல்ல வெயில் அடித்தால் நான்கிலிருந்து ஏழு நாள். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடியே இருக்கும்போது பல சமயம் வரவே வராது. சென்னைக்கு வருடத்தில் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில் கொட்டிவிடுகிறது. அதனால் வடகிழக்குப் பருவமழை தொடங்கியபின் மார்கழி வரை உங்கள் மண்ணைப் புரட்டவே கூடாது. இதில் மட்டும் நான் கறாராக இருப்பேன். மழைக்கு முன்பு பவுடர் மாதிரி பொடியாக்கி வைப்பதும் ஆபத்துதான். நம் ஊர் மழை தூறலாக வருவதில்லை, அடித்து ஊற்றும். பொடி மண்ணின் மேல் அது விழுந்தால் நல்ல மேல்மண் பாதி சாக்கடைக்குப் போகும், மீதி ஓடு மாதிரி இறுகி விதையை முளைக்க விடாது. கொண்டைக்கடலை அளவுக் கட்டிகள் பாத்தியில் கிடக்கட்டும், அவை நல்லவை.

சரி, இப்போது உங்கள் தலைவருக்கு வருவோம். ‘கோடை உழவு கோடி நன்மை’, ‘சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்’ என்று நம் ஊரில் சொல்வது சும்மா இல்லை. ஆனால் அந்தச் சொலவடைகள் பிறந்தது மழையை மட்டும் நம்பியிருக்கும் மானாவாரி நிலத்தில். அறுவடை முடிந்து, அடுத்த மழை வரை வெறுமனே கிடக்கும் நிலம் அது. கோடை மழை ஒன்று விழுந்த ஈரத்தில் உழுது போட்டால், அடுத்த மழைத் தண்ணீர் ஓடிப் போகாமல் இறங்கும். களைகளின் வேர் வெயிலில் காயும். மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து, கொக்குக்கும் மைனாவுக்கும் இரையாகும். தலைவர் தன் ஊரில் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். ஆனால் உங்கள் இடம் வருடம் முழுக்கத் தண்ணீர் பாய்ச்சி, ஏதாவது ஒன்று வளர்ந்துகொண்டே இருக்கும் பாத்தி. அங்கே நான்கு வருடம் போட்ட மக்கு உரம் இருக்கிறது. நம் வெயிலில் மண்ணைத் திறந்து போட்டால் நுண்ணுயிர்கள் அந்த மக்கை வேகமாகத் தின்று தீர்த்துவிடும். குளிர் நாட்டுத் தோட்டங்களில் வருடாவருடம் புரட்டினால்கூட அந்த இழப்பு மெதுவாகத்தான் நடக்கும். இங்கே நாம் கஷ்டப்பட்டுச் சேர்த்த கரிமச்சத்து வெகு சீக்கிரம் குறைந்து காற்றோடு போகும். ரசாயன உரம் போடாத தோட்டத்துக்கு அந்த மக்குதான் முதலீடு.

உங்கள் தோழி சொல்வது, நன்றாக இருக்கும் பாத்திகளுக்கு முழுக்கச் சரி. மூடாக்கு என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் ஊர் ஊராகக் கொண்டுபோனவர் இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வார். மூடாக்கின் அடியில் மண்புழு போட்ட துளைகள், போன செடியின் வேர் மக்கிய வழிகள், பூஞ்சை இழைகள் எல்லாம் சேர்ந்து மண்ணைத் தானாகவே பொலபொலவென்று வைத்திருக்கும். மழைக்காலத்தில் மண்புழுக்கள் மேல்மண்ணில்தான் அதிகம் இருக்கும், அப்போது சுழலும் கத்தி இறங்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஆனால் தோழியிடம் நான் ஒன்று சொல்ல வேண்டும். போன ஐப்பசியில் உண்டான அந்தப் பலகை அடுக்கை மூடாக்கு மட்டும் உடைக்காது. உடைக்கும், ஆனால் பல வருடம் ஆகும். அதுவரை 11 குடும்பமும் பொறுமையாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அதனால் ஒரே ஒரு முறை, சரியான பதத்தில், கையால் திறந்துவிட்டு, அதற்குப் பிறகு தோழி சொல்கிற வழியில் போவதுதான் என் ஆலோசனை.

எல்லாப் பாத்தியையும் திறக்க வேண்டுமா? அதற்கு ஒரு சோதனை. கட்டட வேலைக்குப் பயன்படும் எட்டு எம்.எம். கம்பி இரண்டரை அடி நீளத்துக்கு ஒன்று வாங்குங்கள். ஒரு முனையை வளைத்துக் கைப்பிடி ஆக்கிக்கொள்ளுங்கள். பாத்தியை முந்தின நாள் நன்றாக நனைத்துவிட்டு, மறுநாள் கம்பியை உடம்பு எடையைப் போடாமல் கையால் மட்டும் அழுத்துங்கள். ஒரு பாத்திக்கு மூன்று இடத்தில். ஓரடி வரை வழுவழுவென்று இறங்கினால் அந்தப் பாத்தியைத் தொடாதீர்கள். நான்கைந்து அங்குலத்தில் மூன்று இடத்திலும் ஒரே ஆழத்தில் நின்றால் அதுதான் பலகை. ஓரிடத்தில் இரண்டு அங்குலம், இன்னோரிடத்தில் எட்டு என்று தாறுமாறாக நின்று, ‘டக்’கென்று சத்தமும் வந்தால் கீழே கட்டட இடிபாடு கிடக்கிறது. அடுக்ககத்தின் பின்பக்கத்தில் செங்கல் துண்டும் சிமென்ட் கட்டியும் போட்டு மேலே நாலு அங்குலம் மண் நிரப்பியிருப்பது சென்னையில் புதிதில்லை. அந்தப் பாத்தியை மட்டும் ஒன்றரை அடி தோண்டி, கல்லைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டியதுதான். உழவா உழாமையா என்ற விவாதத்துக்கு அங்கே இடமில்லை.

பலகை இருக்கும் பாத்தியைத் திறப்பது இப்படி. புட்டுப் பதத்தில், நாலு பல் உள்ள நீளக் கைப்பிடிக் கருவியையோ கடப்பாரையையோ ஓரடி ஆழத்துக்கு நேராக இறக்குங்கள். கைப்பிடியைப் பின்பக்கம் சாய்த்து, மண் லேசாக எழும்பி விரிசல் விடும் வரை நெம்புங்கள். அவ்வளவுதான், புரட்ட வேண்டாம். மேல்மண் மேலேயே, கீழ்மண் கீழேயே இருக்கட்டும். ஒரு சாண் பின்னால் நகர்ந்து மறுபடி நெம்புங்கள். நெம்பிய மண்ணில் யாரும் கால் வைக்கக் கூடாது. நிற்பதற்குப் பாத்தியின் குறுக்கே ஒரு மரப்பலகை போட்டுக்கொள்ளலாம். முடிந்ததும் ஒரு அங்குலத்துக்கு மக்கு உரம். உங்கள் அளவுப் பாத்திக்கு மூன்று சிமென்ட் சாக்கு பிடிக்கும். அதன்மேல் மூடாக்கு. மாசி, பங்குனியில் தெருவெல்லாம் வேம்பும் புங்கையும் உதிர்த்துக் கொட்டுகிற இலையைக் கொளுத்துகிறார்களே, அதைச் சாக்கில் பிடித்து வைத்திருந்தால் இப்போது உதவும்.

இன்னொன்று, யாராவது ‘களிமண்தானே, ஆற்று மணலோ எம்-சாண்டோ கலந்துவிட்டால் இளகிவிடும்’ என்று சொல்லுவார்கள். கலந்துவிடாதீர்கள். பாதிக்குப் பாதி மணல் கொட்டினால் ஒழிய களிமண் இளகாது. கொஞ்சமாகப் போட்டால் அந்த மணலும் களிமண்ணோடு சேர்ந்து சாந்து மாதிரி இறுகிக்கொள்ளும். மக்கு உரத்துக்கு மாற்று கிடையாது.

இப்போது கோரை. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்தது அந்த ஒரு வரிதான். கோரையை மண்ணோடு பெயர்த்துப் பார்த்தால், கறுப்புக் கிழங்குகள் மெல்லிய தண்டில் மணி மாலை மாதிரி கோத்திருக்கும். முனையில் இருக்கும் கிழங்கு முளைத்து வளரும்போது மற்றவை தூங்கிக்கொண்டிருக்கும். மாலையை அறுத்துவிட்டால் ஒவ்வொரு மணியும் தனித்தனியாக விழித்துக்கொள்ளும். பவர் வீடர் அந்த மாலைகளைத் துண்டு துண்டாக அறுத்து, ஓரிரு பாத்தியில் இருந்ததை மற்றப் பாத்திகளுக்கும் இழுத்துப் போயிருக்கும். ஈரம் வேறு இருந்தது, எல்லாம் முளைத்துவிட்டன.

உங்கள் தலைவரின் சித்திரை உழவு இங்கேதான் உண்மையிலேயே பத்தரை மாற்று. கோரை மண்டிய பாத்திகளை மட்டும் எண்ணிப் பிரித்துக்கொள்ளுங்கள். நான்கைந்து இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அவற்றுக்குத் தண்ணீரை அடியோடு நிறுத்துங்கள். மே 4 முதல் 28 வரை கத்திரி வெயில். அதற்கு முன்பே கடப்பாரையால் எட்டு அங்குல ஆழத்துக்குப் பெரிய பெரிய கட்டியாகப் பெயர்த்துப் போடுங்கள். இங்கே மட்டும் புட்டுப் பதம் பார்க்க வேண்டியதில்லை. காய்ந்த களிமண்ணைக் கையால் கட்டியாகப் பெயர்த்தால் அது பிசையப்படுவதில்லை, அதனால் கெடாது. கண்ணில் படும் கிழங்குகளைப் பொறுக்கிவிடுங்கள். பத்து நாளுக்கு ஒருமுறை கட்டிகளைத் திருப்பிப் போடுங்கள். வெயிலில் கிழங்கு சுருங்கி, கிள்ளினால் உள்ளே வெள்ளை இல்லாமல் பழுப்பாக, உலர்ந்து இருந்தால் அது செத்துவிட்டது. பொறுக்கிய கிழங்கை மக்கு உரக் குழியில் போட வேண்டாம், அங்கே அது சாகாது. நடுவில் ஒரு கோடை மழை வந்து பச்சை தலை நீட்டினால் உடனே மறுபடி பெயர்த்துவிடுங்கள். ஒரே தடவை கொத்திவிட்டு நிறுத்துவதுதான் கோரைக்குச் செய்கிற பெரிய உபகாரம். தொடர்ந்து ஆறு வாரம் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றால் அந்தப் பாத்தியைத் தொடவே வேண்டாம். அப்புறம், கருவிகளை அடுத்த பாத்திக்குக் கொண்டுபோகுமுன் மண்ணை நன்றாகத் தட்டிவிடுங்கள். கூட்டுத் தோட்டத்தில் கோரை பரவுவதற்கு இதுவே போதும்.

பாகல், புடலைப் பந்தலுக்கு அடியிலும் கோடையில் கொஞ்சம் வேலை இருக்கிறது. பழ ஈயின் கூட்டுப்புழு மேல்மண்ணில்தான் இருக்கும். களைக்கொத்தால் இரண்டு மூன்று அங்குலம் கீறிவிட்டால் போதும், வெயிலும் பறவைகளும் பார்த்துக்கொள்ளும்.

பயிரைப் பொறுத்தும் முடிவு மாறும். இதை உங்கள் தோட்டக் கூட்டத்தில் எல்லோருக்கும் சொல்லுங்கள். கீரைக்கு மேல் இரண்டு அங்குலம் இளகியிருந்தால் போதும். கத்தரி, தக்காளி, மிளகாய்க்கு நாற்று வைக்கும் குழி மட்டும். அவரை, கொத்தவரைக்கு அதுவும் பெரிதாக வேண்டாம். முள்ளங்கி, கேரட், சர்க்கரைவள்ளிக்குத்தான் ஆழமாக இளகிய மண் வேண்டும். ஒரு வருடம் முள்ளங்கி போட நெம்பிய பாத்தியில் அடுத்த வருடம் தக்காளி வைக்கலாம், மறுபடி நெம்பத் தேவையில்லை. மஞ்சள் போட்டவர்கள் யாராவது இருந்தால், வைகாசி, ஆனியில் வைத்தது தை வரை நிலத்தில் இருக்கும். ‘முழுத் தோட்டத்தையும் ஒரே நாளில்’ என்று நீங்கள் முடிவு செய்யும்போது அவருடைய பாத்தி நடுவில் மாட்டிக்கொள்கிறது. முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளி அருகில் மூன்றடிக்கு எந்த ஆழக் கொத்தும் வேண்டாம். பப்பாளியின் உணவு வேர்கள் மேலேயே படர்ந்திருக்கும்.

இனி உங்களுடைய உண்மையான சிக்கல். 11 குடும்பமும் கூடுவது ஞாயிற்றுக்கிழமைதான். மண் ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் பதத்துக்கு வருவதில்லை. இதனால்தான் பெரும்பாலான கூட்டுத் தோட்டங்களில் மண் கெடுகிறது என்பது என் அனுபவம். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, லீவு நாள் வீணாகிவிடக் கூடாது என்ற அவசரம்தான். ஆனால் மழை இல்லாத மாதங்களில் மண்ணை ஞாயிற்றுக்கிழமைக்குக் கொண்டுவர முடியும். காய்ந்த பாத்திக்குப் புதன் மாலை ஐந்து குடம், வியாழன் காலை ஐந்து குடம் தண்ணீர் ஊற்றுங்கள், மெதுவாக, பூவாளியில். நனைந்த கோணிச் சாக்கை மேலே விரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் மேலே காய்ந்து கீழே சேறாக நிற்கும். சனிக்கிழமை மாலை ஒருவர் உருண்டை பிடித்துப் பார்த்து, எல்லோருக்கும் வாட்ஸப்பில் ‘பதம் வந்தது’ அல்லது ‘வரவில்லை’ என்று ஒரு வரி போட வேண்டும். ஆவணி, புரட்டாசியில் மாலை இடி மழை வருகிற காலத்தில் இதையே திருப்பிச் செய்யுங்கள். வேலை செய்ய வேண்டிய பாத்தியை வியாழக்கிழமையே தார்ப்பாயால் மூடி, ஓரத்தில் தண்ணீர் ஓட வழி விட்டால் ஞாயிற்றுக்கிழமை மற்றப் பாத்தி சேறாக இருந்தாலும் அது கைக்கு வரும்.

ஒரு நாளைக்கு மூன்று நான்கு பாத்திக்கு மேல் எடுக்க வேண்டாம். இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தால் ‘எடுத்தது எடுத்தோம், எல்லாவற்றையும் ஓட்டிவிடுவோம்’ என்றுதான் மனசு சொல்லும். 18 பாத்திக்கு அது தேவையே இல்லை. பாத்தி நாலடி அகலம்தான், இரண்டு பக்கத்திலிருந்தும் கை எட்டும். மழை பெய்த பிறகு பாத்திக்குள் கால் வைப்பதில்லை என்ற ஒரு விதியை மட்டும் எல்லாக் குடும்பமும், குழந்தைகள் உட்பட, கடைப்பிடித்தால் இன்னும் சில வருடத்தில் கொத்த வேண்டிய தேவையே குறைந்துவிடும். ஈரமாக இருக்கும் பாத்தியின் தலைமாட்டில் ஒரு குச்சியில் சிவப்புத் துணி கட்டி வையுங்கள். பதம் பார்க்கிறவர் மட்டும் அதை அவிழ்க்கட்டும். பதம் பார்க்கும் வேலையைத் தலைவரிடமும் தோழியிடமும் சேர்த்துக் கொடுங்கள் என்பேன். தலைவர் தம் ஊரில் காலால் மிதித்தே ஈரம் சொல்லிப் பழகியிருப்பார். தோழி மண்ணுயிர்கள் மீது அக்கறை உள்ளவர். இரண்டு பேரும் ஒரே உருண்டையைப் பிடித்துப் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் துணி அவிழும் என்று வையுங்கள்.

இந்த வருடத்துக்கு நான் நினைப்பது இதுதான். சித்திரையில் கோரைப் பாத்திகளைத் திறந்து காயப் போடுகிறீர்கள். பலகை உள்ள மற்றப் பாத்திகளை ஞாயிறுக்கு மூன்றாக, நனைத்து, பதம் பார்த்து நெம்புகிறீர்கள். நெம்பிய பாத்தியில் ஆனி முதல் வாரம் தக்கைப்பூண்டு விதையுங்கள், அது மண்ணிலேயே மக்க விடும் பசுந்தாள் உரச் செடி. சணப்பும் நல்லதுதான், ஆனால் தண்ணீர் தேங்கினால் அது தாங்காது, களிமண்ணுக்குத் தக்கைப்பூண்டுதான் பொருத்தம். உங்கள் அளவுப் பாத்திக்குக் கணக்குப்படி 30 கிராம் போதும், நெருக்கமாக வர 50 கிராம் போடலாம். அதன் வேர், நீங்கள் நெம்பிவிட்ட விரிசல்களில் இறங்கி அவற்றை மூட விடாமல் பிடித்துக்கொள்ளும். நெம்புவது பாதி வேலை, மீதியை அந்த வேர்தான் செய்யும். வேர் இறங்காவிட்டால் திறந்த மண் ஒரே மழையில் மறுபடி உட்கார்ந்துவிடும். 45 நாளில், பூக்கும் சமயத்தில், தரையோடு அறுத்து, வேரைப் பிடுங்காமல், தழையை மேல் மூன்று அங்குலத்தில் லேசாகக் கலந்துவிடுங்கள். இரண்டு வாரம் மக்க விட்டு, ஆவணியில் நாற்று வைக்கலாம். புரட்டாசி முடிவதற்குள் எல்லாப் பாத்தியும் கனமான மூடாக்கில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு மார்கழியில், வெயில் திரும்பி, உருண்டை உடைகிற வரை மண்வெட்டிக்கு ஓய்வு.

கோரைப் பாத்திகளில் மட்டும் தக்கைப்பூண்டை இன்னும் அடர்த்தியாக, 100 கிராம் வரை விதையுங்கள். கோரைக்கு நிழல் ஆகாது.

நெம்புவதற்கு முன்பு கம்பி வாங்கி 18 பாத்தியிலும் இறக்கிப் பார்த்து, எந்தப் பாத்தியில் எத்தனை அங்குலத்தில் நின்றது என்று உங்கள் கணக்கு நோட்டில் எழுதி எனக்கு அனுப்புங்கள். பாத்திக்கு மூன்று எண் வேண்டும், எங்கெல்லாம் சத்தம் வந்தது என்பதும் வேண்டும். எந்த மூன்று பாத்தியை முதல் ஞாயிறு எடுப்பது என்று அதைப் பார்த்து எழுதுகிறேன். தக்கைப்பூண்டு விதை வைகாசிக்குள் கையில் இருக்கட்டும்.